கடைத்தட்டுக்கு வராத யாழ்ப்பாணம்

யாழ்ப்பாண நகரத்தில் எந்தப் புத்தகக்கடைக்குள் நுழைந்தாலும் முதலில் எதிர்ப்படுவது பரீட்சைதான். புலமைப்பரிசில் பயிற்சிக் கொப்பி, சாதாரண தர வழிகாட்டி, உயர்தரக் கடந்தகால வினாத்தாள். அவற்றைத் தாண்டிப் போனால் சமய நூல்கள், சென்னையிலிருந்து வந்த நாவல்கள், ஈழத்துக் கவிதைத் தொகுப்புகள். ஓவியத்துக்கும் ஒளிப்படத்துக்கும் என்று ஒரு தட்டைத் தேடினால் பெரும்பாலும் அகப்படுவது சித்திரப் பாடத்துக்கான வழிகாட்டி. இத்தனைக்கும், இந்த நூற்றாண்டில் இலங்கையில் வெளிவந்த ஓவியப் புத்தகங்களில் மிகவும் பேசப்பட்ட ஒன்று, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வடபகுதி வீடுகளைப் பற்றி ஆக்கியது.

லண்டனிலோ டெல்லியிலோ தனியார் நடத்தும் சிறிய புத்தகக்கடைகளில் வாசலருகே ஒரு மேசை இருக்கும். கடைக்காரர் தாமே பார்த்து, பிடித்து, ‘இதைப் புரட்டிப் பாருங்கள்’ என்று எடுத்து வைத்த புத்தகங்கள் அதில் கிடக்கும். கொழும்பில் பெயர்ஃபுட் கடையின் புத்தகப் பிரிவு ஏறக்குறைய அந்த வேலையைச் செய்கிறது. யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு மேசை போட்டால் அதில் எவற்றை வைக்கலாம்?

முதலில் வைக்க வேண்டியது தா. சனாதனனின் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’. முற்றுப்பெறாத தோம்பு என்று சொல்லலாம். 2011இல் ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. சனாதனன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இன்றைக்கும் பழைய காணி உறுதிகளில் அந்தச் சொல் தலைகாட்டும். யாருடைய வளவு, எத்தனை பரப்பு, எல்லை எது என்று வரி வாங்குவதற்காக எழுதி வைத்த கணக்கு அது. சனாதனன் அதே பெயரில் வேறொரு கணக்கை எடுத்தார்.

போரில் வீட்டை விட்டுப் போனவர்களைச் சந்தித்து, விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். தமிழர்களும் முஸ்லிம்களுமாக எண்பது பேரின் வீடுகள் புத்தகத்தில் உள்ளன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதையும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே எழும்பிச் சாவகச்சேரிப் பக்கம் நடந்ததையும், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட வலிகாமம் வடக்கையும் அறிந்தவர்களுக்கு அந்த எண்பது எவ்வளவு சிறிய எண் என்பது புரியும். தலைப்பில் உள்ள ‘முற்றுப்பெறாத’ வெறும் அலங்காரம் இல்லை.

ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று படங்கள். வீட்டுக்காரர் கையால் வரைந்தது ஒன்று. அதைப் பார்த்துக் கட்டடக் கலைஞர் முறைப்படி கீறிய நிலப்படம் ஒன்று. அந்த வீட்டின் கதையைக் கேட்டுச் சனாதனன் பேஸ்டலில் தீட்டிய ஓவியம் ஒன்று. கூடவே அவர்கள் சொன்ன கதையும் சில வரிகளில் இருக்கும். புத்தகத்தின் கட்டுமானம் காரியாலயக் கோப்பைப் போன்றது. கச்சேரியில், நீதிமன்றத்தில், காணி அலுவலகத்தில் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்த ஊருக்கு இந்த வடிவத்தைப் பற்றி விளக்கம் தேவையில்லை.

இந்தப் புத்தகம் ஏன் முதலாவது என்றால், ஓவியப் புத்தகம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். ஓவியர் ஒருவருடைய படங்களை வரிசையாக அச்சிட்டு, முன்னுரை போட்டு, கெட்டி அட்டை கட்டுவது ஒரு வகை. அது ஓவியங்களின் பட்டியல். தோம்பு அப்படிப்பட்டதன்று. நினைவில் உள்ள வீடு அளவுகோலுக்குள் அடங்காது. கட்டடக் கலைஞரின் கோடு அதை அடக்கப் பார்க்கிறது. ஓவியம் மறுபடியும் அதை அவிழ்த்துவிடுகிறது. தாளைப் புரட்டினால்தான் இது நடக்கும். சுவரில் மாட்டிய சட்டத்தாலும் கைபேசித் திரையாலும் இதைச் செய்ய முடியாது.

அதே பதிப்பகத்தின் ‘தி வன் இயர் ட்ராயிங் ப்ரொஜெக்ட்’ (2008) அடுத்தது. முகனத் காதர், சனாதனன், சந்திரகுப்த தேநுவர, ஜகத் வீரசிங்க ஆகிய நான்கு ஓவியர்கள் ஒருவருக்கொருவர் படம் அனுப்பி, வந்த படத்துக்குப் பதில் படம் வரைந்தார்கள். 2005 மே மாதம் தொடங்கிய வேலை ஒரு வருடத்தில் முடிய வேண்டியது. 2007 ஒக்டோபர் வரை இழுபட்டது. இடையில் 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டு யாழ்ப்பாணம் துண்டிக்கப்பட்டதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஆக 208 படங்கள். சமாதானப் பேச்சு குலைந்து மறுபடியும் போர் மூண்ட காலத்தின் கடிதப் போக்குவரத்தாகவே அதை வாசிக்கலாம்.

மூன்றாவது மிகப் பழையது. மேசையில் மறுபதிப்பைத்தான் வைக்க முடியும். யாழ்ப்பாண வேர்கொண்ட குடும்பத்தில் வந்த ஆனந்த குமாரசுவாமியின் ‘மீடியேவல் சிங்களீஸ் ஆர்ட்’ (1908). மருதனார்மடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் கற்பிக்கும் நுண்கலை நிறுவனம் யார் பெயரைச் சுமக்கிறதோ அந்தப் பொன்னம்பலம் இராமநாதனுக்கு இவர் தாய்மாமன் மகன். கண்டிய சிங்களக் கைவினைகளைப் பற்றிய இந்த நூலை இங்கிலாந்தில் தமது சொந்த அச்சகத்தில் 425 பிரதிகள் மட்டும் அச்சிட்டார். வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அதே கையச்சு இயந்திரம். நூலுக்கான ஒளிப்படங்களில் அவருடைய மனைவி எத்தலின் உழைப்பு பெரிது. பின்னாளில் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றியபோது, 1924இல் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸின் 27 ஒளிப்படங்களை அந்த அருங்காட்சியகம் ஏற்றுக்கொள்ள வழிசெய்தவரும் இவரே. ஒளிப்படம் ஒரு கலைதானா என்று பெரிய அருங்காட்சியகங்கள் தயங்கிக்கொண்டிருந்த காலம் அது. இந்தச் செய்தி நம்முடைய சித்திரப் பாடநூல்களில் இடம்பெற வேண்டியது.

ஒளிப்படத்துக்கு வந்தால், லயனல் வென்ட்டின் படங்களை அவர் இறந்த பின் 1950இல் லண்டனில் தொகுத்து வெளியிட்ட ‘லயனல் வென்ட்ஸ் சிலோன்’ இல்லாமல் இலங்கைத் தட்டு நிறையாது. வென்ட் 1944இல் காலமானார். வெளிச்சத்தையும் உடலையும் அவர் பார்த்த பார்வை இன்னும் பழசாகவில்லை. ஆனால் அது கொழும்பின் கண். வடக்கின் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அமரதாஸின் ‘வாழும் கணங்கள்’ ஒளிப்படத் தொகுப்பு இருக்கிறது. ஈழத்தில் தமிழில் இத்தகைய தொகுப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இன்னொன்றையும் மேசையின் ஓரத்தில் வைக்க வேண்டும். குருநகரில் பிறந்த ஓவியர் அ. மாற்குவைப் பற்றி 1987இல் வெளிவந்த ‘தேடலும் படைப்புலகமும்’. ஒரு தலைமுறை ஓவியர்களை உருவாக்கிய ‘மாற்கு மாஸ்ரர்’ 2000இல் காலமானார். போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில், கிடைத்த வசதியைக் கொண்டு, ஓர் ஓவியருக்காக ஒரு புத்தகம் போட முடிந்தது என்பதே பெரிய விடயம்.

சரி, இவை ஏன் கடைகளுக்கு வருவதில்லை? பாதிக் காரணம் காசு. நாவல் ஒன்றை ஒரே கறுப்பு மையில் ஓட்டிவிடலாம். வண்ணப் படத்துக்கு நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என நான்கு தகடுகள் வேண்டும். நான்கும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். தாள் தடித்ததாக இருக்க வேண்டும். படம் நடுமடிப்பில் விழுங்கப்படாமல் விரிய வேண்டுமென்றால் பசை போதாது, தாள்களை நூலால் தைக்க வேண்டும். இத்தனை செலவையும் சில நூறு பிரதிகள் தாங்க வேண்டும். பத்தாயிரம் பிரதி விற்கும் வழிகாட்டியின் கணக்கு வேறு, இதன் கணக்கு வேறு. விற்காமல் தூசி படிந்தால் முதலே முடங்கிவிடும் என்று கடைக்காரர் அஞ்சுவதில் நியாயம் உண்டு.

மலிவாக்கித்தான் இதை வெல்ல வேண்டும் என்றில்லை. சென்னையில் 1994இல் கீதா வுல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ் எதிர்த்திசையில் போனது. கோண்டு ஓவியர்கள் மூவரின் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ (2006) கையால் செய்த கறுப்புத் தாளில், திரை அச்சில், கையால் தைத்து வெளிவந்தது. விலை கூடத்தான். ஆனாலும் பல மொழிகளில், பல பதிப்புகள் போயிருக்கிறது. பழங்குடி ஓவியரின் பெயரை அட்டையில் ஆசிரியராகவே போட்ட பதிப்பகத்துக்கு வாசகர் கிடைத்தார்கள். பனையோலையும் கடதாசிப் பூவும் கைவந்த குடாநாட்டில் இப்படி ஒரு பட்டறை ஏன் எழவில்லை என்பது கேட்க வேண்டிய கேள்வி.

மீதிப் பாதிக் காரணம் வரலாறு. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்ததை உலகம் அறியும். அதே நாட்களில் ஆர். ஆர். பூபாலசிங்கம் கட்டியெழுப்பிய பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிக்கப்பட்டதை ஊருக்கு வெளியே பலர் அறியார். அந்தப் புத்தகசாலை மீண்டும் எழுந்து இன்றும் நடக்கிறது. ஆனால் எரிந்தும் இடம்பெயர்ந்தும் தப்பிய ஒரு கடை முதலில் நிரப்புவது பிள்ளைகளுக்கு உடனே தேவையானதைத்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் பத்திரிகைகளே கொப்பித் தாளில் அச்சான ஊரில் வழுவழுப்புத் தாளுக்கு எங்கே இடம்?

2013இல் ஒரு முயற்சி நடந்தது. ரேக்கிங் லீவ்ஸை நிறுவிய சர்மினி பெரேராவின் முன்னெடுப்பில் தற்காலக் கலை, கட்டடக்கலை, வடிவமைப்புக்கான ஆவணக்காப்பகம் கொழும்பில் அமையாமல் யாழ்ப்பாணத்தில் அமைந்தது. ஹொங்கொங்கின் ஏசியா ஆர்ட் ஆர்கைவ், வியட்நாமில் செய்தது போலவே, ஆசியக் கலை நூல்களைப் பெட்டியில் கட்டி நடமாடும் நூலகமாக இங்கும் கொண்டுவந்தது. விலைகொடுத்து வாங்க முடியாத நூல்களை மாணவர்கள் தொட்டுப் பார்த்தார்கள். புத்தகக்கடை செய்யாததை ஆவணக்காப்பகம் செய்தது எனலாம். என்றாலும் வீதியால் போகும் ஒருவர் ஆவணக்காப்பகத்துக்குள் தற்செயலாக நுழைவதில்லை, கடைக்குள் நுழைவார்.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்துப் பழைய வெளியீடுகளை வருடி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அச்சில் இல்லாத மலரைத் தேடுபவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான். எழுத்துக்கு அது போதும். தோம்பு போன்ற புத்தகத்துக்குத் தாளும் தையலும் வேண்டும்.

ஆகவே குடாநாட்டுப் புத்தகக்கடைக்காரர்களிடம் கேட்பது பெரிதொன்றுமில்லை. நூறு பிரதி அடுக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரிப் பிரதி, பிரித்துப் பார்க்க ஒரு மேசை, விரும்புகிறவர் பெயரை எழுதி முன்பணத்தோடு கொழும்பில் இருந்தோ சென்னையில் இருந்தோ எடுத்துக் கொடுக்க ஒரு கொப்பி. வாசகர்களும் அடுத்த தடவை பிள்ளைக்கு வினாத்தாள் வாங்கப் போகும்போது, ‘ஓவியப் புத்தகம் ஏதும் இருக்கோ?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கும் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் எடுத்து வைக்கக் கடைக்காரர் இருக்கிறார்.