அரசு மானியம் தொட்டில் வரை வருகிறதா?



சென்ற மடல் உங்கள் கைகளுக்குக் கிடைத்த சில நாட்களில் ஒரு சபையிலிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், பல ஆண்டுகளாக நம்மைத் தாங்கி வருகிறவர். "சிறு பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் கோடிக்கணக்கில் மானியம் தருகிறது. ஊருக்கு ஊர் பால்வாடியும் இருக்கிறது. அப்படியிருக்க ஆஸ்பத்திரி நடத்துகிற நீங்கள் குழந்தைகள் காப்பகத்தைப் பற்றி ஏன் கவலைப்படுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கொடுக்கிறவர்கள் கேட்கத்தான் வேண்டும். அவருக்குத் தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தோம். அது கடிதத்தின் அளவை மீறிவிட்டது. ஆகவே யாவருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு வீட்டைச் சொல்லிவிடுகிறோம். காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் பக்கத்தில் ஒரு பட்டுத் தறிவீடு. சென்ற ஆண்டின் இறுதியில் அந்த வீட்டு ஆண் குழந்தையைச் சளியும் காய்ச்சலுமாக எங்களிடம் கொண்டுவந்தார்கள். பதினொரு மாதக் குழந்தை. எடை ஏழு கிலோவுக்குச் சற்றே மேல். காய்ச்சல் மூன்று நாளில் விட்டது. எடை ஏன் குறைவு என்று பார்க்க எங்கள் செவிலியர் வீட்டுக்குச் சென்றபோது நாங்களும் கூடப் போனோம்.

காஞ்சிபுரம் சேலையின் சிறப்பு அதன் கோர்வைக் கரை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வர, நெசவாளரோடு தறியின் மறுபக்கம் இன்னொருவர் அமர்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். ஒருவரால் ஆகிற வேலையன்று. அந்த வீட்டில் தகப்பன் தறியில் இருந்தார், தாய் மறுபக்கம் இருந்தார். ஊடைக்குத் தார் சுற்றுவதும் தாயின் வேலையே. குழந்தை தூளியில் கிடந்தது. தூளிக் கயிற்றின் நுனி தாயின் கால் பெருவிரலில் கட்டியிருந்தது. அழுதால் காலை அசைப்பார். தூளியை விட்டு இறங்கித் தவழத் தொடங்கிய பிறகு அதுவும் உதவவில்லை. கண்பார்வை மங்கிய பாட்டி எங்களிடம், "பால்வாடியில ரெண்டு வயசு ஆனாத்தான் சேர்ப்பாங்களாம் ஐயா. அதுவரைக்கும் இவதான் இவனுக்கு அம்மா" என்று பேத்தியைக் காட்டினார். அந்தச் சிறுமிக்கு எட்டு வயது. பள்ளி நாள்தான், ஆனால் அவள் வீட்டில் இருந்தாள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் பாலோடு குழைத்த உணவும் வேண்டும். ஒன்பது மாதத்துக்குமேல் ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, இடையிலே சிறு தீனியும் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பெரியவர்களைப்போல் நிறையச் சாப்பிட அந்தச் சின்ன வயிற்றில் இடமில்லை. பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து, துப்பினால் துடைத்து, மறுபடியும் ஊட்டுகிற ஓர் ஆள் வேண்டும். எட்டு வயதுப் பெண் அதைச் செய்ய முயல்கிறாள். பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துக் கொடுக்கிறாள். அவளை எப்படிக் குறை சொல்வது?

இப்போது அரசாங்கத்தின் பக்கம் வருவோம். அரசைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. சிறு குழந்தைகள் விஷயத்தில் நம் மாநிலம் செய்திருப்பது பெரிய காரியம். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதற்கு வழி வகுத்தவற்றில், 1972-இல் அறிக்கை தந்த ஆய்வுக் குழுவும் ஒன்று. அக்குழுவின் தலைவர் திருமதி மீனா சுவாமிநாதன். அங்கன்வாடி என்ற சொல்லை நாடெங்கும் பரப்பியது அந்தத் திட்டமே. உலக வங்கியின் கடனுதவியுடன் 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைகளைக் கண்டுபிடித்துச் சத்துணவு கொடுத்தார்கள். தொட்டில் பருவத்தையே குறிவைத்த திட்டம் அது. 1997 வரை இரண்டு கட்டங்களாக நடந்தது. இதனிடையே 1982 ஜூலை 1-ஆம் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள கிராமக் குழந்தைகளும் அதில் சேர்க்கப்பட்டார்கள். அன்று பலர் கேலி பேசினார்கள். இன்று பேசுவாரில்லை.

உச்ச நீதிமன்றமும் கை கொடுத்தது. உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று பிறந்த தீர்ப்பு, நாட்டில் அங்கன்வாடிகளை 14 லட்சமாக உயர்த்தச் சொன்னது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்திற்குள் அங்கே அங்கன்வாடி திறக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நம் மாநிலத்தில் அங்கன்வாடி மையங்கள் சுமார் 54 ஆயிரம். சோறு, முட்டை, சத்துமாவு, தடுப்பூசி நாள், எடை பார்த்தல் யாவும் அங்கே கிடைக்கின்றன.

ஆனால் பாட்டி சொன்னது சரிதான். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அங்கன்வாடி தருவது வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துமாவுப் பொட்டலம். அதை யார் கூழாகக் காய்ச்சி ஊட்டுவது என்பது வீட்டாரின் பாடு.

பிரசவ காலத்துக்கு உதவி உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006-இல் 6,000 ரூபாயும், 2011-இல் 12,000 ரூபாயும் ஆகி, 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் ஆயிற்று. பிள்ளை பெற்றவள் சில மாதம் தறியை விட்டு விலகியிருக்க இது உதவுகிறது. அதற்கப்புறம்? சட்டத்தைப் பார்த்தால், 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2017-இல் வந்த மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 50 பேர் வேலை செய்யும் இடங்களுக்கு அதே கடமையை விதித்தது. வீட்டுத் தறியில் எத்தனை பேர்? இரண்டு பேர், கணவனும் மனைவியும். எந்தச் சட்டமும் அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

இந்த இடைவெளிக்கென்றே மத்திய அரசின் காப்பக மானியம் ஒன்று 1975 முதல் இருந்து வந்தது. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்காகத் தொண்டு நிறுவனங்கள் காப்பகம் நடத்தினால் அரசு மானியம் தரும். 2006-இல் அது ராஜீவ் காந்தி தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம் என்று விரிவாயிற்று. ஒரு காப்பகத்துக்கு ஆண்டுக்கு 18,480 ரூபாயாக இருந்தது 42,384 ரூபாயாக உயர்ந்தது. இருமடங்குக்கு மேல்! கடிதம் எழுதிய நண்பர் இத்தகைய செய்திகளைத்தான் பத்திரிகையில் பார்த்திருப்பார்.

அந்தத் தொகையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கணக்கு சலிப்பாயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. ஒரு காப்பகத்தில் 25 குழந்தைகள். பார்த்துக்கொள்ளும் இரண்டு பெண்களுக்கும் சேர்த்து மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம், அதாவது ஆளுக்கு ஆயிரம். உணவுக்கு ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 2 ரூபாய் 8 காசு. 25 குழந்தைகளுக்கு 26 நாளுக்குக் கணக்கிட்டால் 1,352 ரூபாய். மருந்துக்கும் இதர செலவுகளுக்கும் 350 ரூபாய். உணவையும் இதரத்தையும் கூட்டினால் 1,702. அதில் 90 விழுக்காட்டை அரசு தரும், மீதி 10 விழுக்காட்டை நிறுவனம் போட வேண்டும். ஆக மாதம் 3,532 ரூபாய். ஒரு குழந்தைக்கு மாதம் 141 ரூபாய்.

இதில் வாடகை எங்கே? மின் கட்டணம்? விறகு அல்லது கேஸ்? தண்ணீர் வராத நாளில் வாங்கும் குடத்துக்கு யார் கொடுப்பது? எல்லாம் அந்த 350 ரூபாய்க்குள் அடங்கவேண்டும்.

கூரத்திலிருந்து எழுதும்போது ஒரு பழைய மானியம் நினைவுக்கு வராமல் இராது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடுகள் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சரித்திரம் படித்தவர்கள் யாவருக்கும் தெரியும். பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காக்கிக் கொடுத்த சாசனம் அது. கோயில் வழிபாட்டைச் செய்கிறவர்களுக்கு மூன்று பங்கு. கூரத்து மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு. அந்த மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் கொடுப்பதற்கென்று தனியாக ஒரு பங்கு. மீதி இருபதும் வேதம் கற்றவர்களுக்கு. 1,300 ஆண்டுகளுக்கு முன் அதை எழுதியவர், மண்டபம் என்று ஒன்று இருந்தால் அங்கே யாரோ தண்ணீர் எடுத்து வைக்கவேண்டும், விளக்கோ அடுப்போ ஏற்றவேண்டும், அதற்குச் செலவு ஆகும் என்பதை மறக்கவில்லை. 25-இல் ஒன்று என்பது சிறிய பங்கும் அல்ல.

நம் காலத்து மானியம் எழுதுகிறவர்கள் கல்நெஞ்சர்கள் என்று சொல்லவரவில்லை. உணவுக்கும் ஆளுக்கும் கணக்குக் காட்டுவது எளிது, அதனால் அவற்றுக்குத் தருகிறார்கள். அடுப்பைக் கணக்கில் எழுத மறந்துபோகிறார்கள். அத்துடன் பணம் தவணையாக வரும். முந்தின தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கை அறிக்கையும் போன பின்பே அடுத்தது. எங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு சிறு தொண்டு நிறுவனத்துக்கு (பெயர் வேண்டாம்) ஒரு தவணை பத்து மாதம் தாமதமாக வந்தது. அதுவரை மளிகைக் கடைக்காரரின் தயவில் குழந்தைகள் சாப்பிட்டார்கள். ஆயா இரண்டு பேரில் ஒருவர் வேறு வேலை தேடிப் போய்விட்டார். அவர் போனதும் கைக்குழந்தைகளைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். ஒருவராகத் தூக்க முடியாதல்லவா? எந்தக் குழந்தைகளுக்காக அந்தக் காப்பகம் ஏற்பட்டதோ, முதலில் வெளியே போனது அவர்கள்தான்.

2017-இல் செலவுப் பங்கீடு மாறியது. மத்திய அரசு 60, மாநிலம் 30, நிறுவனம் 10 என்றார்கள். மதிப்பூதியம் பணியாளருக்கு 3,000, உதவியாளருக்கு 1,500 ரூபாய் ஆயிற்று. தொகை கூடியது உண்மை. ஆனாலும் முன்பு இருபதாயிரத்துக்கு மேல் இருந்த காப்பகங்கள் 2020-இல் நாடு முழுவதிலும் ஏழாயிரத்துக்கும் கீழே போயின. 2022-இல் இத்திட்டம் 'பால்னா' என்று பெயர் மாறிற்று. இந்தியில் தொட்டில் என்று பொருள். (1992-இல் இங்கே வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் வேறு, அது கைவிடப்படும் சிசுக்களுக்கானது.) பால்னாவில் அங்கன்வாடியோடு சேர்த்தே காப்பகம் நடத்தவேண்டும், ஆறு மாதக் குழந்தை முதல் சேர்க்கவேண்டும் என்பது ஏற்பாடு. செலவு மத்திய அரசுக்கு 60, மாநிலத்துக்கு 40. நாடு முழுவதும் 17 ஆயிரம் மையங்கள் இலக்கு. 2025-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை, அனுமதி பெற்றவற்றில் திறந்து நடந்தவை சிறு பகுதியே.

இது நல்ல ஏற்பாடு என்றே நாங்கள் எண்ணுகிறோம். கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. கூரத்துச் செப்பேடு மறக்காததை இதுவும் மறக்கவில்லை எனலாம். கைக்குழந்தைகளுக்கென்று கூடுதல் ஆள் ஒருவர், தாயின் தறி ஓடும் நேரம் வரை திறந்திருக்கும் கதவு, இவ்விரண்டும் சேர்ந்தால் அந்தப் பாட்டிக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஒரு சிறு செய்தி. காப்பகத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கிரெஷ்' என்பது பிரெஞ்சுச் சொல். 1844-இல் பாரிஸ் நகரத்தில் ஃபிர்மின் மார்போ என்பவர் வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாரின் சிசுக்களுக்காக முதல் காப்பகத்தைத் திறந்து இந்தப் பெயரை இட்டார். அதன் பொருள் நம் வேதாகமத்தில் லூக்கா சொல்லும் முன்னணை. சத்திரத்தில் இடமில்லாத குழந்தைக்குக் கிடைத்த இடம்.

ஆகவே ஆசிரியர் ஐயாவுக்கு எங்கள் பதில் இதுதான். மானியம் வருகிறது, பெரிய அளவில் வருகிறது. இரண்டு வயது நிறைந்த பிள்ளையிடம் அது போய்ச் சேர்கிறது. அதற்குக் கீழே பெரும்பாலும் வந்து சேரவில்லை. எடை குறைவது அந்த வயதில்தான். எங்கள் வார்டுக்கு வருகிறவர்களும் அந்த வயதினரே. உங்கள் காணிக்கையில் ஒரு பகுதியைக் கொண்டு எங்கள் செவிலியர் தறிவீடுகளுக்குப் போய் எடை பார்க்கிறார்கள், கூழ் காய்ச்சக் கற்றுத் தருகிறார்கள். காப்பகத்தின் இடத்தை இது நிரப்பாது. உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஆயாவிடமும் டீச்சரிடமும் அன்பாகப் பேசுங்கள். அவர்கள் குறைந்த ஊதியத்தில் நிறைய வேலை செய்கிறவர்கள். கைக்குழந்தைகளைச் சேர்க்க அங்கே ஏற்பாடு உண்டா, இல்லையென்றால் பால்னாவுக்கு யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஊராட்சித் தலைவரிடமும் கேளுங்கள். சபையார் நான்கு பேர் சேர்ந்து கேட்டால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

கூரத்துக் குழந்தைக்கு ஜூன் மாதத்தில் பதினேழு மாதம். எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. அக்காள் வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்குப் போகிறாள். தம்பிக்கு இரண்டு வயது நிறைய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.