புற்றை வெட்டுமுன் கறையானை அறிதல்

வயலோரத்திலோ தோட்டத்து மூலையிலோ புற்றொன்று எழும்பினால், அதனை உடனே இடித்து நஞ்சூற்றிவிட வேண்டுமென்பது கமக்காரர் பலருடைய எண்ணம். கூரைக் கிடுகையும் வேலித் தடியையும் சில வாரங்களில் அரித்துவிடும் பூச்சியிடத்து இவ்வாறு சினங்கொள்வது இயல்பே. ஆயினும், கறையான் என்னும் ஒரே பெயரால் நாம் அழைக்கும் பூச்சி ஓரினமன்று. உலகில் ஏறக்குறைய 3,000 இனக் கறையான்கள் உள்ளன. இலங்கையில் மாத்திரம் அறுபதுக்கு மேற்பட்ட இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. இவற்றுள் உயிருள்ள பயிரைத் தாக்குவன மிகச் சிலவே. எஞ்சியவை உலர்ந்த இலை, வைக்கோல், சாணம், பட்ட மரம், மண்ணிற் கலந்த மக்கு ஆகியவற்றை உண்டு வாழ்வன. உங்கள் நிலத்திலிருப்பது எவ்வகைக் கறையான், அது எதனைத் தின்கின்றது என்பவற்றை அறியாது நஞ்சிடுவீர்களாயின் பணம் வீணாகும். சில இடங்களில் அந்நஞ்சு கிணற்று நீரோடு கலந்து வீட்டுக்கே திரும்பி வருதலும் கூடும்.

கறையான் எறும்பன்று

ஆங்கிலத்தில் இதனை வெள்ளெறும்பு என்று கூறும் வழக்கம் உண்டு. அஃது பிழையான பெயராகும். கறையானுக்கு நெருங்கிய உறவு கரப்பான் பூச்சியே. எறும்புக்கு இடை நூலெனச் சிறுத்திருக்கும். கறையானின் உடல் அவ்வாறு ஒடுங்குவதில்லை. எறும்பின் உணர்கொம்பு முழங்கை போல் மடிந்திருக்கும். கறையானின் உணர்கொம்போ மணிகள் கோத்த சிறு மாலை போன்று நேராக இருக்கும். எறும்பு முட்டையிலிருந்து புழுவாகி, பின் கூட்டுப்புழுவாகி வளர்கின்றது. கறையான் குஞ்சோ முட்டையை விட்டு வெளிவரும்போதே கறையானின் வடிவில் இருக்கும்.

இவ்விரண்டும் உறவல்ல என்பது மட்டுமன்று, கொடிய பகையுமாகும். புற்றை மண்வெட்டியால் உடைத்துச் சிறிது நேரம் பார்த்திருங்கள். உடைந்த வாயிலால் எறும்புகள் நுழைந்து கறையான்களைக் கவ்விச் செல்வதைக் காண்பீர்கள். பறவை, பல்லி, தவளை, அழுங்கு, கரடி ஆகியனவும் கறையானை உண்ணும். எனினும் எறும்பைப் போல இடைவிடாது அதனைக் கொன்று குவிப்பது வேறொன்றுமில்லை. தோட்டத்து மண்ணிலுள்ள எறும்பையெல்லாம் நஞ்சிட்டு அழிப்பவர் கறையானின் காவலாளியை அகற்றி அதற்கு வழிவிடுகின்றார்.

ஈசல் முதல் அரசி வரை

பெரும்போக மழை தொடங்கி நிலம் நனைந்ததும், மாலை வேளையில் விளக்கைச் சுற்றி மொய்க்கும் ஈசலை அறியாதார் யார்? அவை வேறு பூச்சியல்ல. புற்றிலிருந்து புறப்பட்ட இறகுள்ள ஆண், பெண் கறையான்களே அவை. சிறிது தூரம் பறந்ததும் இறகை உதிர்த்துவிடும். பெண் முன்னே ஓட, ஆண் அதன் பின்னே ஒட்டியபடி செல்லும். தக்க இடங் கண்டதும் இரண்டும் மண்ணைத் தோண்டி உட்புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். புறப்பட்ட ஈசல்களில் மிகப் பெரும்பாலானவை இந்நிலையை எட்டுமுன்னரே இரையாகிவிடும். தப்பிய சோடி, தன் உடலிற் சேமித்த கொழுப்பையும் இனிப் பயன்படாத பறப்புத் தசையையும் கரைத்தே முதற் குஞ்சுகளை வளர்க்கின்றது.

அக்குஞ்சுகள் தொழிலாளிகளாகியதும் வேலையனைத்தும் அவற்றைச் சேரும். இரை தேடுதல், மண்ணைக் குழைத்துச் சுவரெழுப்புதல், குஞ்சுகளையும் அரசியையும் ஊட்டுதல் ஆகிய யாவும் கண்ணில்லாத இச்சிறு பூச்சிகளின் தொழிலே. போர்வீரர் என்னும் பிரிவுக்குப் பெரிய தலையும் தாடையும் உண்டு. ஆனால் தாமாக உண்ணும் ஆற்றலில்லை, தொழிலாளியே அவற்றுக்கும் ஊட்டவேண்டும். அரசியின் வயிறு ஆண்டுக்காண்டு பருத்துக் கைவிரலளவாகின்றது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அரசனும் இறந்துவிடாது, அரசியுடன் அதே கெட்டியான மண்ணறையில் வாழ்கின்றது. தேனீயிலும் எறும்பிலும் இவ்வாறில்லை. அவற்றின் ஆண் புணர்ச்சியுடன் முடிந்துவிடும்.

புற்றுக்குள் ஒரு தோட்டம்

உலர்வலயத்தில் ஆளுயரத்துக்கு எழும்பி, உச்சியிற் குழாய் போன்ற வாய்கள் திறந்திருக்கும் புற்றைக் கட்டுவது பெரும்பாலும் ஒடொன்ரோதேமெசு ரெடமன்னி என்னும் இனம். இதன் வாழ்க்கை நம் வாழ்க்கையைச் சற்று ஒத்தது, ஏனெனில் இதுவும் பயிர் செய்கின்றது.

தொழிலாளிகள் உலர்ந்த இலையையும் மரத்துகளையும் அரைகுறையாகத் தின்று, அதனைப் புற்றறைகளிற் கழித்துக் கடற்பஞ்சு போன்ற அடைகளாகக் கட்டுகின்றன. அவ்வடைகளின்மீது ஒருவகைப் பங்கசு முளைக்கும். கடுகிலும் சிறிய வெண்மணிகளாக அது திரளும். மரத்தின் கடினப் பகுதியைச் செரிக்கக் கறையானால் இயலாது. பங்கசோ அதனைக் கரைத்து மென்மையாக்குகின்றது. பின்னர் கறையான் அவ்வெண்மணிகளையும் பழுத்த பழைய அடையையும் உண்ணுகின்றது. இப்பங்கசு காற்றையும் ஈரத்தையும் பெரிதும் வேண்டி நிற்பது. புற்றின் உள்ளே நாளெல்லாம் வெப்பமும் ஈரமும் அதிகம் மாறாதிருத்தற்கும், அத்தனை வாயில்களும் சுரங்கங்களும் அமைந்திருத்தற்கும் காரணம் இத்தோட்டமே. பேராதனைப் பூங்காவிற் பணியாற்றிய பங்கசு ஆய்வாளர் தொம் பெற்ச் என்பார் இவ்வடைகளை ஆராய்ந்து 1906ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதினார்.

மழைக்குப் பின் புற்றின்மீது குடை விரிக்கும் புற்றுக்காளான், இதே பங்கசின் பூத்த நிலையாகும். அதன் சுவையை அறிந்தவர்கள் உங்களிற் பலர் இருப்பீர்கள். எனினும் புற்றருகே முளைப்பதெல்லாம் உண்ணத்தக்கதன்று. முன்பே நன்கு பழகிய காளானையன்றி வேறெதனையும் சமைத்தலாகாது. கறையான் இறந்தோ குடிபெயர்ந்தோ போய்விட்டால் தோட்டம் பாழாகி, அடைகளில் வேறொரு பங்கசு தழைத்துக் கறுத்த மெல்லிய குச்சிகளாக நிலத்துக்கு மேல் நீளும். அத்தகைய குச்சிகளைக் கண்டால், கீழே உள்ளது கைவிடப்பட்ட கூடு என்று கொள்ளலாம். அதற்கு நஞ்சு வாங்கச் செல்வது வீண்செலவு.

பிற வகைகள்

மண்ணையே தொடாது வாழும் கறையானும் உண்டு. உலர்மரக் கறையான் வீட்டு நிலை, யன்னல், தளபாடம் ஆகியவற்றின் உள்ளேயே பிறந்து வளரும். மண்குழாய் எதுவும் தெரியாது. ஆனால் மரத்தின் கீழ் கசகசாவைப் போன்ற சிறு மணிகள் குவிந்திருக்கும். அவற்றை உருப்பெருக்கியால் நோக்கின் ஒவ்வொன்றும் ஆறு பட்டைகளுடன் தோன்றும். இவ்வகையின் போர்வீரன், கட்டையான தன் தலையையே வாயிலின் அடைப்பாக வைத்துப் பகைவரைத் தடுக்கும்.

மூக்கன் கறையானின் போர்வீரனுக்குத் தாடை பயனற்றது. தலை கூர்ந்து குழலாக நீண்டிருக்க, அதன் வழியே பசை போன்ற நீரைப் பகைவர்மீது பீச்சும். அவ்வகையைச் சேர்ந்த கரிய கறையானொன்று ஈரவலயக் காடுகளிலும் தோட்டங்களிலும் வெளியே அணிவகுத்துச் சென்று மரப்பட்டையிலுள்ள பாசிகளை மேய்கின்றது. அதனால் பயிருக்குத் தீங்கில்லை. மலைநாட்டிலும் தென்பகுதியிலும் தேயிலைச் செடியின் உயிருள்ள தண்டைக் குடையும் இனங்கள் வேறு. அவை கவ்வாத்து வெட்டின் உலர்ந்த முனைகளால் நுழைகின்றன. நெல், மரக்கறிக் கமக்காரர் அவைபற்றி அஞ்ச வேண்டியதில்லை.

பயிரில் நேரும் சேதம்

நீர் கட்டிய வயலிற் கறையான் வாழாது. புழுதியில் விதைத்தபின் மழை பிந்துமாயின், வாடிய நாற்றின் வேரை அது அரிக்கலாம். மழை பெய்து மண் நனைந்ததும் சேதம் நிற்கும். நெற்கமக்காரர் உண்மையிற் கவனிக்க வேண்டிய இடம் வரம்பும் வாய்க்காற் கரையுமே. அங்கே கூடு அமைந்தால் உள்ளிருக்கும் வெற்றறைகளால் நீர் கசிந்து, வெள்ளக் காலத்தில் உடைப்பெடுக்கவுங் கூடும். அத்தகைய கூட்டைத் தயங்காது தோண்டியெடுத்துக் களிமண்ணிட்டு இறுக்குதல் வேண்டும்.

மேட்டுநிலத்து மிளகாய், கத்தரி, நிலக்கடலை, மரவள்ளி, தென்னங்கன்று ஆகியவை வறட்சிக் காலத்திற் பாதிக்கப்படுவதுண்டு. ஆனால் வாடிய செடியின் அடியிற் கறையானைக் கண்டவுடன், அதுவே கொன்றது என்று முடிவு செய்யாதீர்கள். பற்றீரியா வாடலாலோ வேர்முடிச்சுப் புழுவாலோ முன்னரே இறந்த செடியைத் தின்னக் கறையான் பின்பு வந்திருக்கலாம். உண்மையிலே இதுவே அடிக்கடி நிகழ்வது. பாதி வாடிய, இன்னும் பச்சையாயுள்ள செடியொன்றைப் பிடுங்கிப் பாருங்கள். கறையானின் வேலையாயின் வேரும் அடித்தண்டும் கொறிக்கப்பட்டு, தண்டின் உள்ளே மண் நிரம்பியிருக்கும். வேர் முழுமையாக இருக்கின், தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையிற் பிடியுங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் அது பற்றீரியா வாடலாகும். வேரில் முடிச்சுகள் காணப்படின் புழுவின் வேலை. இவ்விரண்டுக்கும் கறையான் நஞ்சினால் ஒரு பயனும் இல்லை. நோயோ அடுத்த போகத்துக்கும் மண்ணில் தங்கிவிடும்.

தென்னை, மா, பலா ஆகியவற்றின் அடிமரத்தில் ஏறும் மண்பூச்சைக் கண்டு அஞ்சுவோருமுளர். அதன்கீழ்க் கறையான் தின்பது பெரும்பாலும் உலர்ந்த புறப்பட்டையை மட்டுமே. மண்ணைத் துடைப்பத்தாற் தட்டிவிட்டு உள்ளே காயமோ பொந்தோ உண்டா என்று பார்த்தல் போதும்.

செய்யத்தக்கன

அரைகுறையாக மக்கிய மாட்டெருவை இடுதல் கறையானுக்கு விருந்தழைப்பதாகும். நன்கு மக்கியதையே இடுக. பயிற்றங் கொடிக்கும் புடோலுக்கும் நட்ட தடிகளை அறுவடை முடிந்ததும் பிடுங்கி அகற்றுக. நிலத்துட் புதைந்த பழைய மரக்குற்றிகளை எடுத்துவிடுக. வறட்சியில் முடிந்தவரை நீர் பாய்ச்சி மண்ணை உலரவிடாது காத்தல் எல்லாவற்றினும் சிறந்த காப்பு. உலர்ந்த சருகையும் வைக்கோலையும் தோட்டம் முழுவதிலுமிருந்து வழித்து எரிப்பது நல்லதெனச் சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. தின்பதற்கு வேறொன்றும் இல்லாதபோதே கறையான் பயிரை நாடுகின்றது. வரிசைகளுக்கிடையே சருகு இருக்கட்டும். செடியின் அடித்தண்டில் மாத்திரம் முட்டாதிருக்குமாறு ஒரு சாண் விலக்கி வைத்தல் வேண்டும்.

தொல்லை மிகுந்த மூலையில் பழங் கிடுகு, சோளத்தண்டு ஆகியவற்றை நனைத்துச் சிறு குழியில் இட்டு மூடிவைத்தால், சில நாட்களில் கறையான் அங்கே திரளும். வாரியெடுத்துக் கோழிகளுக்கு இடலாம். கோழி இதனை விரும்பியுண்ணும்.

புற்றையே அகற்ற நேரிடின் மேற்பகுதியை இடிப்பதாற் பயனில்லை. சில இரவுகளில் அது மீண்டும் எழும்பும். அரசியின் அறையை அடையுமட்டும் தோண்ட வேண்டும். பிற அறைகளிலும் தடித்த சுவருள்ள, தட்டையான அறை அது. ஒன்றைக் கண்டதும் நின்றுவிடாதீர்கள். சில புற்றுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட அரசிகள் இருப்பதுமுண்டு. தோண்டுமுன் பாம்பு குறித்துக் கவனமாயிருங்கள். உடும்பு முட்டையிடுவதும் புற்றிலேயே. நாகதம்பிரானுக்கெனப் பாலூற்றி வழிபடும் புற்றுகளை வெட்டாது விட்டுவைத்த நம் முன்னோர் வழக்கத்தால் நிலத்துக்கு நட்டமெதுவும் நேர்ந்ததாகத் தோன்றவில்லை. அவுஸ்திரேலியாவின் வறண்ட பகுதியொன்றில் நடைபெற்று 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், எறும்பும் கறையானும் வாழ்ந்த கோதுமை நிலம், அவை நீக்கப்பட்ட நிலத்தினும் 36 சதவீதம் கூடுதலாக விளைந்தது. அவை தோண்டிய துளைகளால் மழைநீர் மண்ணுள் இறங்கியமை அதற்கு ஒரு காரணம். தாய்லாந்திலும் லாவோசிலும் புற்றுமண்ணை மணற்பாங்கான வயலிற் பரப்புவோர் உளர். கீழிருந்து கொண்டுவரப்பட்ட களி அதில் மிகுந்திருப்பதால் நீரைப் பிடித்து வைக்கும்.

நஞ்சு பற்றி

1950, 1960ஆம் ஆண்டுகளில் அல்திரின், தீல்திரின், குளோர்டேன் ஆகியன கறையானுக்கென உலகெங்கும் தாராளமாக இடப்பட்டன. அவை மண்ணில் ஆண்டுக்கணக்காக அழியாதிருந்து, மீனிலும் பாலிலும் மனிதர் உடற்கொழுப்பிலும் சேர்ந்தன. 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்கோம் உடன்படிக்கை ஒழிக்கவும் கட்டுப்படுத்தவும் குறித்த முதற் பன்னிரு நஞ்சுகளுள் இம்மூன்றும் அடங்கும். பழைய கொட்டிலில் இவற்றின் தகரம் கிடப்பின் திறக்கவோ கிணற்றருகே கொட்டவோ வேண்டாம். விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நம் கிணறுகளின் நீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளுக்கூடாகவே ஊறி வருகின்றது. அத்தகைய நிலத்திற் புற்றினுள் ஊற்றிய நஞ்சு, வடிகட்டும் மண் அதிகமின்றியே நீரைச் சென்றடையலாம். தவிர்க்கவியலாத இடத்தில், பதிவு பெற்ற மருந்தையே சுட்டுத்துண்டிற் குறித்த அளவிலும் முறையிலும் இடுதல் வேண்டும். கடைக்காரர் சொல்லும் அளவு போதாது.

இனத்தை அறிய விரும்புவோர் பத்துப் பதினைந்து கறையான்களைச் சாராயமிட்ட சிறு போத்தலில் அடைத்து விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைக்கலாம். தொழிலாளிகளை மாத்திரம் பிடித்தனுப்பாதீர்கள். அவை பார்வைக்கு யாவும் ஒன்றுபோலவே இருக்கும். பெரிய தலையுள்ள போர்வீரர் ஐந்தாறேனும் சேர்ந்திருப்பின் தாடையையும் தலையையும் கொண்டு இனத்தைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம். எடுத்த இடம், திகதி, அது எதனைத் தின்றுகொண்டிருந்தது ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய காகிதத் துண்டைப் போத்தலுக்குள்ளேயே இடுக. மையால் எழுதினால் சாராயத்திற் கரைந்துவிடும்.