அழியா எழுத்தும் அழித்தெழுதும் எழுத்தும்

நகத்தளவான சிலிக்கன் சில்லொன்றில் ஆயிரக்கணக்கான தருக்க வாயில்கள் அடங்கியிருத்தல் கூடும். அவற்றுள் எது எதனோடு இணைதல் வேண்டும் என்பதைச் சில்லு ஆலையை விட்டு வந்த பின்னர்ப் பொறியாளரே முடிவு செய்யும் முறையும் உண்டு. அம்முடிவை மீண்டும் மாற்ற இயலுமா, இயலாதா என்னும் வினாவே இத்தகைய சில்லுகளை இரு வகையாகப் பிரிக்கிறது.

மின்னோட்டம் மிகுந்தால் ப்யூஸ் கம்பி உருகி அறுவதை மாணவர் அறிவர். 1978-இல் அமெரிக்காவின் மோனோலிதிக் மெமரீஸ் நிறுவனம் வெளியிட்ட பி.ஏ.எல். சில்லுகளில் இத்தகைய நுண்ணிய உருகிகளே இருந்தன. வேண்டாத இணைப்புகளை எரித்துவிட்டால் எஞ்சுவது வேண்டிய சுற்று. எரிந்தது எரிந்ததுதான், தவறான இணைப்பை எரித்துவிட்டால், பெரும்பாலும் வேறு சில்லைத்தான் எடுக்க வேண்டும். எதிருருகி என்பது இதன் மறுதலை. அதில் மெல்லிய காப்புப் படலம் முதலில் பாதையை மறித்து நிற்கும். உயர்ந்த மின்னழுத்தம் அதனைத் துளைத்ததும் நிலையான இணைப்பு உண்டாகிவிடும்.

அழித்தெழுதும் முறை பிறந்த கதை சுவையானது. இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் என்பார் பழுதான சில்லுகளை ஆராய்ந்து வந்தார். தொடர்பற்றுத் தனித்து நிற்கும் மின்வாயில் ஒன்றில் மின்னூட்டம் சிக்கித் தங்கக்கூடும் என்பது அவருக்குப் புலனாயிற்று. குறையாகத் தோன்றியதையே அவர் நினைவகமாக்கினார். 1971-இல் அது வெளிவந்தது. சில்லின் மேற்புறத்துப் படிகச் சாளரத்தின் வழியே புறஊதா ஒளியைப் பாய்ச்சினால் பழைய எழுத்து அழியும். பின்னர் மின்சாரத்தாலேயே அழிக்கும் முறையும் வந்தது.

1985-இல் சைலிங்ஸ் நிறுவனத்தார் எக்ஸ்.சி. 2064 என்னும் சில்லை வெளியிட்டனர். அதில் இணைப்புகளின் அமைப்பு நிலைமின் நினைவகத்தில் தங்குகிறது. எத்தனை முறையும் மாற்றலாம். ஆனால் மின்சாரம் நின்றால் யாவும் மறந்துபோம். பிழை செய்து திருத்திப் பயிலும் மாணவருக்கு இதனினும் ஏற்றது வேறில்லை என்பேன்.

விண்வெளியிலோ நிலைமை வேறு. ஆங்குப் பாயும் மின்துகள் ஒன்று நினைவகத்தின் சுழியத்தை ஒன்றாக மாற்றிவிடலாம். சாதாரணக் கணிப்பொறியில் இதனால் ஓர் எண் பிழைபடும். இவ்வகைச் சில்லிலோ சுற்றின் உருவமே மாறிவிடக்கூடும்! எதிருருகியின் இணைப்பு இவ்வாறு புரள்வதில்லை. ஆதலின் செயற்கைக்கோள்களில் அதற்கு மதிப்பு மிகுதி. எனினும் தொலைவில் சென்றுவிட்ட கலத்தில் வடிவமைப்புப் பிழை வெளிப்பட்டால் அதனை மாற்ற வழியில்லை. மாற்றத்தக்க சில்லை விரும்புவோர், ஒரே சுற்றை மூன்றாக அமைத்துப் பெரும்பான்மை விடையை ஏற்கின்றனர். நினைவகத்தையும் அடிக்கடி புதுப்பித்து எழுதுகின்றனர். 2004-இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகளின் மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் பணியில் மாற்றத்தக்க சைலிங்ஸ் சில்லுகளே அமர்ந்தன.