தொலைக் கணினியும் பக்கத்து அச்சு யந்திரமும்

வட்டாரப் பரிசோதனைக் கூடத்து ஊழியர் ஒருவர், மண் பரிசோதனை விவரங்களைத் தலைமை நிலையத்துக் கணினியில் பதிவு செய்கிறார். முடிவுத் தாளைப் பெற விவசாயி எதிரிலே காத்திருக்கிறார். அச்சிடுமாறு கட்டளை கொடுத்தாயிற்று. பக்கத்து மேசையிலுள்ள அச்சு யந்திரமோ அசையவில்லை. அத்தாள் தலைமை நிலையத்து யந்திரத்தில் வெளிவந்து, எடுப்பாரின்றிக் கிடக்கவுங்கூடும். மண் பரிசோதனைத் தாளாயின் காலதாமதத்தோடு போகும். ஆசிரியர் தயாரித்த தேர்வு வினாத்தாளாயின் அதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

இத்தடையின் காரணத்தை அறிய, தாள் செல்லும் வழியை அறிந்தாலே பெரும்பாலும் போதும்.

தாள் செல்லும் வழி

‘ரிமோட் டெஸ்க்டாப்’ முறையில் நம் கணினி தொலைவிலுள்ள கணினியின் திரையை மட்டுமே காட்டுகிறது. வேலை நடப்பது அங்கேதான். ஆகையால் அச்சிடும் கட்டளை முதலில் தொலைக் கணினியின் ‘ஸ்பூலர்’ என்னும் வரிசைப் பகுதியை அடைகிறது. அங்கிருந்து இணைப்பின் வழியாக நம் கணினிக்குத் திரும்பி, நம் ஸ்பூலரில் நின்று, பின்னரே யந்திரத்தை அடைகிறது. கடைமடைக்கு நீர் வராதபோது வாய்க்காலை இடம் இடமாகப் பார்த்துச் செல்வதுபோல, இவ்வழியையும் படிப்படியாகச் சோதிக்க வேண்டும்.

1998-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. டெர்மினல் சர்வரில் இவ்வாறு திருப்பியனுப்பும் வசதி இருக்கவில்லை. விண்டோஸ் 2000-இல் அது சேர்க்கப்பட்டது. எனினும், யந்திரத்தை இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருள் இரு கணினிகளிலும் பொருந்தியிருக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் சர்வர் 2008-இல் வந்த ‘ஈஸி பிரிண்ட்’ முறை இத்தேவையைப் பெரிதும் நீக்கியது. நம் கணினியிலுள்ள டிரைவரே இம்முறையில் போதுமானது.

சோதிக்கும் முறை

1. தொலை இணைப்பை விடுத்து, நம் கணினியிலிருந்தே ஒரு பக்கத்தை அச்சிட்டுப் பார்க்கவும். அது வராவிடில் குறை தாள், மை, கம்பி அல்லது நம் ஸ்பூலரில் உள்ளது. அச்சு வரிசை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா, யந்திரம் ‘ஆஃப்லைன்’ நிலையில் உள்ளதா என்று நோக்குக.

2. அது சரியாயின், இணைப்பு அனுமதியைப் பார்க்கவும். இணைப்புச் சாளரத்தில் ‘ஷோ ஆப்ஷன்ஸ்’ என்பதைத் திறந்து, ‘லோக்கல் ரிசோர்சஸ்’ பகுதியில் ‘பிரிண்டர்ஸ்’ குறியிடப்பட்டிருக்க வேண்டும். இணைப்பு நடந்துகொண்டிருக்கையில் செய்யும் மாற்றம் பயன் தராது. துண்டித்து மீண்டும் இணைய வேண்டும்.

3. தொலைக் கணினியின் அச்சு யந்திரப் பட்டியலைக் காண்க. நம் யந்திரத்தின் பெயருடன் ‘ரீடைரக்டெட்’ என்ற சொல்லும் ஓர் எண்ணும் காணப்படும். பெயரே இல்லையெனில், தலைமை நிலையத்தின் விதி இவ்வசதியைத் தடுத்திருக்கலாம், அல்லது டிரைவர் பொருந்தாதிருக்கலாம். இரண்டையும் நிர்வாகியே சரிசெய்ய இயலும்.

4. பெயர் இருந்தும் தாள் வராவிடில், தொலைக் கணினியிலுள்ள ‘நோட்பேட்’ மூலம் ஒரே ஒரு வரியை அச்சிடுக. அவ்வரி வந்துவிட்டால் வழி சரியாகவே உள்ளது. குறை நாம் உபயோகிக்கும் மென்பொருளில் என்று கொள்ளலாம். பொருளற்ற குறிகள் அச்சாயின், டிரைவர் பொருத்தத்தை ஐயுறுக.

நேற்று வந்தது, இன்று வராதது ஏன்?

பலரை வியப்பில் ஆழ்த்தும் குறை இது. மேற்சொன்ன எண் அமர்வைக் குறிப்பதால், மறுநாள் இணையும்போது அது மாறக்கூடும். சில மென்பொருள்கள் யந்திரத்தின் முழுப் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்கின்றன. நேற்றைய பெயர் இன்று இல்லாதபோது அவை பிழை காட்டும், அல்லது வேறொரு யந்திரத்துக்கு அனுப்பிவிடும். வினாத்தாள் தவறான இடத்தில் வெளிவருவதற்கு இது ஒரு காரணம். ஆகவே இத்தகைய மென்பொருளில், இயல்பாக அமைந்த யந்திரத்தை உபயோகிக்குமாறு அமைத்தல் நலம். இரகசியத் தாளாயின், அச்சிடுமுன் பெயரை ஒவ்வொரு முறையும் படித்துப் பார்ப்பது கடமையாகும்.

வேகம் குறைந்த இணைப்பு

படங்கள் மிகுந்த பக்கத்தின் விவரங்கள் இணைப்பு வழியே வந்துசேர நேரமாகும். அதற்குள் இணைப்பைத் துண்டித்தால், திருப்பியனுப்பப்பட்ட யந்திரம் தொலைக் கணினியிலிருந்து மறைந்துவிடும். எஞ்சிய பக்கங்கள் வாரா. தாள் முழுவதும் வெளிவரும் வரை காத்திருப்பதே முறை. பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் கட்டளையிடுவதால் வரிசை நீளுமேயன்றிப் பயனில்லை. தொலைக் கணினியின் ஸ்பூலரை நிறுத்தித் தொடங்குவதும் கூடாது. அதில் வேலை செய்யும் பிறரது தாள்களும் தடைப்படும்.

அவசரமாயின், ஆவணத்தைத் தொலைக் கணினியிலேயே பி.டி.எஃப். கோப்பாகச் சேமித்து, நிலைய விதி அனுமதித்தால் நம் கணினிக்குக் கொணர்ந்து அச்சிடலாம். வினாத்தாள் போன்றவற்றின் பிரதியை வேலை முடிந்ததும் இரு கணினிகளிலும் அழித்துவிட வேண்டும்.

நிர்வாகிக்குத் தெரிவிக்கையில் “அச்சு வரவில்லை” என்று மட்டும் எழுதுவது போதாது. எந்தப் படி வரை சரியாக இருந்தது, பட்டியலில் கண்ட பெயர் யாது, ஒரு வரிச் சோதனையின் முடிவு என்ன என்பவற்றைக் குறிப்பிடுக. இம்மூன்று விவரங்களும் இருப்பின் குறை விரைவில் தீரும். விவசாயியும் தாளின்றித் திரும்ப நேராது.