வழிகாட்டும் செயலியில் சொல்லின் ஒருமை: ஆயர் ஈத்தாம் சந்திப்பை முன்வைத்துச் சில விளக்கங்கள்

ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் மாவட்டத்தில் உள்ள ஆயர் ஈத்தாம், சாலைகளால் பெயர்பெற்ற ஊர். தீபகற்பத்தின் மேற்குப் பகுதியை வடக்கு தெற்காக இணைக்கும் கூட்டரசுச் சாலை 1, பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாகக் கிழக்குக் கரை நோக்கிச் செல்லும் கூட்டரசுச் சாலை 50 ஆகிய இரண்டும் இங்குச் சந்திக்கின்றன. ஜொகூர் பாருவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே சென்றோர் இளைப்பாறி, உண்டு, மட்பாண்டங்கள் வாங்கிச் சென்ற ஊர் இது. 1994-இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபின், நெடுந்தொலைவு செல்வோர் ஊருக்குள் நுழையாமலே கடந்து செல்லும் நிலை ஏற்பட்டது.

இன்று ஒருவர் இவ்வூருக்குள் வருவாரா, ஊரைத் தவிர்த்துச் செல்வாரா என்பதைப் பெரும்பாலும் அவருடைய திறன்பேசியில் உள்ள வழிகாட்டும் செயலியே முடிவு செய்கிறது. அச்செயலியின் அமைப்புப் பக்கத்தில் 'சுங்கச் சாலைகளைத் தவிர்' என்ற ஒரு வரி உண்டு. அது இயக்கத்தில் இருந்தால் பயணம் பழைய சாலை வழியாகவும், இயக்கத்தில் இல்லையெனில் பெரும்பாலும் நெடுஞ்சாலை வழியாகவும் அமையும். ஒரு வரியைத் தவறாகப் புரிந்துகொள்வதால் பயண நேரமும் செலவும் மாறிவிடுகின்றன. ஆகவே, செயலியின் இடைமுகத்தை வடிவமைப்பது பொறியாளர் பணி மட்டுமன்று. மொழியறிஞர் பணியும் ஆகும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

இடைமுக வடிவமைப்பில் பெரிதும் எடுத்தாளப்படும் நெறிகளுள் யாக்கோப் நீல்சன் 1994-இல் வகுத்த பத்து நெறிகள் குறிப்பிடத்தக்கவை. அவற்றுள் ஒன்று ஒருமைப்பாடு பற்றியது. வெவ்வேறு சொற்கள் ஒரே செயலைக் குறிக்கின்றனவா என்று பயனர் ஐயுற நேரக்கூடாது என்பதே அதன் சாரம். இந்நெறியைத் தமிழில் செயற்படுத்தும்போது எழும் சிக்கல்களை ஐந்து தலைப்புகளில் காண்போம்.

1. ஓர் ஊர், பல எழுத்து

மலாய் மொழியில் 'ஆயர்' என்பது நீர். 'ஹீத்தாம்' என்பது கறுப்பு. கருநீர் என்னும் பொருளுடைய இப்பெயர் ஜொகூருக்கு மட்டும் உரியதன்று. பினாங்குத் தீவில் கெக் லோக் சி ஆலயம் அமைந்துள்ள ஊரும் ஆயர் ஈத்தாமே. சிலாங்கூரின் பூச்சோங் பகுதியில் ஆயர் ஈத்தாம் வனக் காப்பகம் உள்ளது. உரோமன் எழுத்தில் இப்பெயர்கள் ஓரளவு வேறுபடுகின்றன. 'ஆயர்' என்ற சொல்லின் பழைய எழுத்துக்கூட்டு சில இடங்களில் நிலைத்துவிட்டது. 1972 எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின்னர் வழங்கும் வடிவம் வேறு சில இடங்களில் காணப்படுகிறது. பினாங்கில் 'ஹ' ஒலி எழுத்திலேயே விடுபட்டுள்ளது. தமிழில் எழுதும்போது இவ்வேறுபாடுகள் மறைந்து, எல்லாம் ஒரே வடிவம் பெறுகின்றன. மறுபுறம், ஒரே ஊரை ஒருவர் 'ஈத்தாம்' என்றும், மற்றொருவர் 'ஹீத்தாம்' என்றும், இன்னொருவர் 'இத்தாம்' என்றும் எழுதுகிறார்.

எனவே தேடற்பெட்டி இரண்டு கடமைகளை நிறைவேற்ற வேண்டும். ஒன்று, மூன்று எழுத்து வடிவங்களையும் ஒரே பெயராக ஏற்பது. மற்றொன்று, கிடைத்த ஊர்களை 'ஆயர் ஈத்தாம், ஜொகூர்', 'ஆயர் ஈத்தாம், பினாங்கு' என மாநிலத்தோடு சேர்த்துக் காட்டுவது. இவ்விரு ஊர்களுக்கும் இடையே 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு உள்ளது என்பதை எண்ணினால், ஒரு காற்புள்ளியும் ஒரு மாநிலப் பெயரும் எத்துணை இன்றியமையாதவை என்பது விளங்கும்.

இந்திய மொழிகளில் ஊர், கடை முதலியவற்றின் பெயர்களை இயந்திர வழியில் எழுத்துப்பெயர்க்கும் முறையைக் கூகுள் நிறுவனம் 2021-இல் தன் வரைபடச் செயலியில் சேர்த்தது. பத்து மொழிகளுள் தமிழும் ஒன்று. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் மலேசியச் சூழலில் எழுத்துப்பெயர்ப்பு மட்டும் போதாது. நம் சாலையோரப் பலகைகளில் ஊர்ப்பெயர்கள் உரோமன் எழுத்தில் உள்ளன. திரையில் தமிழ் வடிவத்தை மட்டும் காணும் ஓட்டுநர், அதைப் பலகையிலுள்ள வடிவத்தோடு ஒரு நொடியில் பொருத்திப் பார்க்க வேண்டியுள்ளது. தமிழ்ப் பெயரும் பலகைப் பெயரும் மேலும் கீழுமாக அமைவதே இங்குப் பொருத்தம். இதனாலேயே பட்டியலின் மொழி, குரலின் மொழி, ஊர்ப்பெயரின் எழுத்து ஆகிய மூன்றும் தனித்தனி அமைப்புகளாக இருத்தல் வேண்டும் என்கிறோம்.

2. ஒரு சொல், ஒரு பொருள்

'இடம்' என்ற சொல் தமிழில் ஊரையும் குறிக்கும். வலத்திற்கு மாறான பக்கத்தையும் குறிக்கும். இயல்பான பேச்சில் சூழல் பொருளைத் தெளிவாக்கும். திரையிலோ சொல் தனித்து நிற்கிறது. ஒரு பொத்தானில் 'இடம்' என்று மட்டும் இருந்தால், அது செல்லுமிடமா, இடப்பக்கமா என்ற ஐயம் எழும். ஊரைக் குறிக்க 'இடம்' என்றும், பக்கத்தைக் குறிக்க 'இடப்புறம்' என்றும் செயலி முழுவதும் வரையறுத்துக்கொண்டால் ஐயம் நீங்கும்.

'திரும்பு' என்ற சொல்லும் அத்தகையதே. பக்கவாட்டில் வளைந்து செல்வதையும், வந்த வழியே மீள்வதையும் அது உணர்த்தும். முன்னதற்குத் 'திரும்பவும்' என்றும், பின்னதற்கு 'வந்த வழியே மீளவும்' என்றும் பிரித்துக்கொள்ளலாம். 'வழி', 'பாதை', 'தடம்', 'சாலை' ஆகியவற்றை ஒன்றற்கொன்று மாற்றாக வழங்குவது கட்டுரையில் நயம் தரலாம். செயலியில் அது குழப்பம் தரும். புறப்படுமிடத்திலிருந்து செல்லுமிடம் வரையிலான முழுமையும் 'வழி', மண்ணின்மேல் அமைந்த கட்டுமானம் 'சாலை', ஒரு சாலையின் உட்பிரிவு 'தடம்' என்று ஒருமுறை வரையறுத்தால், அதே சொற்கள் எல்லாப் பக்கங்களிலும் வர வேண்டும்.

3. யார் யாரிடம் பேசுகிறார்?

தமிழில் ஏவல், மரியாதையின் அளவைக் காட்டுகிறது. 'தேடு', 'தேடுக', 'தேடவும்', 'தேடுங்கள்' ஆகிய நான்கும் ஒரே வேலையைச் செய்யச் சொல்லினும் ஒரே தொனியுடையன அல்ல. ஒரே செயலியில் ஒரு பக்கத்தில் 'சேமி' என்றும், அடுத்த பக்கத்தில் 'சேமிக்கவும்' என்றும், மற்றொன்றில் 'சேமிப்பு' என்றும் இருத்தல் பலமுறை காணக்கூடியது. பல மொழிபெயர்ப்பாளர்கள் தனித்தனியே உழைத்ததன் விளைவு இது.

இதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. பேச்சு எத்திசையில் செல்கிறது என்று கேட்க வேண்டும். பொத்தானை அழுத்துபவர் பயனர். ஏவலைப் பெறுவது கருவி. ஆகவே பொத்தானில் 'தேடு', 'சேமி', 'நீக்கு' என்ற ஏவல் ஒருமை அமைவதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. சுருக்கமும் கிடைக்கும். குரல்வழி அறிவிப்பிலோ கருவி மனிதரிடம் பேசுகிறது. வாகனம் ஓட்டுபவர் பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம். அங்கே 'வலப்புறம் திரும்பவும்' என்ற மரியாதை வடிவமே தகும். இவ்வொரு விதியை ஏற்றால் நூற்றுக்கணக்கான வரிகள் தாமே ஒழுங்குபெறும்.

4. உருபுகளும் வெற்றிடங்களும்

செயலியை உருவாக்குவோர் ஒரு வாக்கியத்தை எழுதி, ஊர்ப்பெயர் வரவேண்டிய இடத்தை வெற்றிடமாக விடுகின்றனர். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயருக்கு முன் தனிச்சொல் நிற்பதால் எப்பெயரும் அவ்வெற்றிடத்தில் பொருந்தும். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் ஈற்றோடு ஒட்டுகிறது; ஈற்றுக்கேற்பப் பெயரும் மாறுகிறது. நான்காம் வேற்றுமையைக் காண்போம்: மூவார், மூவாருக்கு, குளுவாங், குளுவாங்குக்கு, மலாக்கா, மலாக்காவுக்கு, கோத்தா திங்கி, கோத்தா திங்கிக்கு, பத்து பகாட், பத்து பகாட்டுக்கு. ஆயர் ஈத்தாமிற்குத் தெற்கே உள்ள சிம்பாங் ரெங்கம், 'மரம்' என்னும் சொல்லைப் போல அத்துச் சாரியை பெற்று 'ரெங்கத்துக்கு' என்றாகும். ஆயர் ஈத்தாமும் மகர ஈறே. ஆயினும் ஈற்றயல் நெடிலாதலின் 'ஈத்தாமுக்கு' என்றே வரும்.

வெற்றிடத்தின் பின் 'க்கு' என்று எழுதிவைத்தால் 'ரெங்கம்க்கு', 'பகாட்க்கு' என்ற வடிவங்கள் திரையில் தோன்றும். பிள்ளைகளுக்குப் புணர்ச்சி கற்பிக்கும் நாம், அவர்கள் நாள்தோறும் காணும் திரையில் இவ்வடிவங்களைக் காண விடலாமா? இதற்கு இரு தீர்வுகள் உள்ளன. முதலாவது, ஈறுகளுக்கேற்ற விதிகளைச் செயலியில் எழுதுவது. இது இயலும், ஆனால் உழைப்பு மிகுதி. இரண்டாவது, பெயரை உருபின்றி எழுவாய் வடிவில் நிறுத்துவது. 'செல்லுமிடம்: சிம்பாங் ரெங்கம்' என எழுதினால் உருபே தேவையில்லை, பிழைக்கும் இடமில்லை. எளிமை என்பது இலக்கணத்தைக் கைவிடுவதன்று. இலக்கணம் அறிந்து தொடரைத் தேர்வதே எளிமை.

5. வெட்டுண்ட சொல்லும் மறைந்த எதிர்மறையும்

தமிழ்த் தொடரில் வினை இறுதியில் வருகிறது. எதிர்மறை அவ்வினையின் இறுதியில் வருகிறது. சிறு திரையில் இடம் போதாதபோது, செயலி வரியின் கடைப்பகுதியை வெட்டி மூன்று புள்ளிகளை இடுகிறது. 'குரலை நிறுத்த வேண்டாம்' என்ற வரி 'குரலை நிறுத்த…' என்று நின்றால், பொருள் நேர்மாறாகிவிடும். தமிழ் இடைமுகத்தில் இதைவிடத் தீங்கு தரும் குறை வேறொன்று இருப்பது அரிது. எதிர்மறை முன்னே வரும் மொழிகளில் இவ்விடர் அந்த அளவிற்கு எழுவதில்லை.

ஆகவே அமைப்பு வரிகள் எதிர்மறையின்றி, இரண்டு மூன்று சொற்களில் அமைதல் வேண்டும். 'குரல் வழிகாட்டல்' என்று எழுதி, அருகில் 'உண்டு', 'இல்லை' என இரு நிலைகளைக் காட்டலாம். தொடக்கத்தில் கூறிய சுங்கச் சாலை வரியையும் இவ்வாறே திருத்தலாம். 'சுங்கச் சாலைகளைத் தவிர்' என்பதை இயக்கினால் ஒன்று விலக்கப்படுகிறது. அணைத்தால் அது சேர்க்கப்படுகிறது. பயனர் மனத்தில் இருமுறை கணக்கிட வேண்டியுள்ளது. 'சுங்கச் சாலை: செல்லலாம்' அல்லது 'சுங்கச் சாலை: வேண்டாம்' என்று நிலையைச் சொல்லாகவே காட்டினால் கணக்குத் தேவையில்லை. மேலும், ஒருமுறை தேர்ந்த நிலை பல மாதங்கள் நீடிக்கக்கூடியது. தேர்ந்தவரே அதை மறந்திருப்பார். எனவே வழியைக் காட்டும் திரையிலும் அந்நிலை ஒரு சிறு வரியாகத் தோன்ற வேண்டும்.

வகுப்பறைக்குரிய பணி

தமிழைக் கணினியிலும் கைப்பேசியிலும் ஏற்றும் முயற்சியில் மலேசியாவிற்குத் தனியிடம் உண்டு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும், 2005-இல் அறிமுகமான செல்லினமும் இம்மண்ணில் தோன்றியவரின் ஆக்கங்கள். எழுத்துரு, விசைப்பலகை, ஒருங்குறி ஆகிய அடிப்படைச் சிக்கல்கள் பெரிதும் தீர்ந்துள்ளன. எஞ்சியிருப்பது சொற்களின் ஒழுங்கு. அது சீர்படாவிடில், தமிழைத் தேர்ந்தவர் இரண்டொரு நாளில் சலிப்புற்று வேறு மொழிக்கு மாறிவிடுவார். தமிழ் அமைப்பைப் பயன்படுத்துவோர் குறைந்தால், அதைத் திருத்தும் ஆர்வமும் நிறுவனங்களிடம் குறையும். அந்நிலையில் இழப்பு, தமிழ் ஒன்றையே எளிதாகப் படிக்கத் தெரிந்த முதியோருக்கே மிகுதி.

ஆசிரியர்கள் இதனை ஒரு பயிற்சியாக மேற்கொள்ளலாம். மாணவர்கள் ஏதேனும் ஒரு வழிகாட்டும் செயலியைத் தமிழில் திறந்து, அதன் அமைப்புப் பக்கத்திலுள்ள சொற்கள் அனைத்தையும் எழுதிக்கொள்ளட்டும். ஒரே செயலுக்கு இரு சொற்கள் எங்கே உள்ளன, ஒரே சொல்லுக்கு இரு பொருள்கள் எங்கே உள்ளன, எந்த வரி வெட்டுண்டுள்ளது, எந்த ஊர்ப்பெயரில் உருபு பிழைத்துள்ளது என்று நான்கு நிரல்களில் பகுக்கட்டும். பின்னர் தம் திருத்தங்களை வீட்டிலுள்ள மூத்தோரிடம் காட்டி, விளக்கம் கூறாமலே அவர்கள் பொருள் உணர்கிறார்களா என்று சோதிக்கட்டும். பொருள் விளங்காத சொல், எத்துணைத் தூயதாயினும், மீண்டும் ஆராயப்பட வேண்டியதே.

திருத்தங்களை அனுப்புவதற்கும் வாயில்கள் உள்ளன. 2004-இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தில் ஓர் ஊரின் தமிழ்ப்பெயரை அதற்கெனத் தனியே அமைந்த புலத்தில் எவரும் சேர்க்கலாம். தத்தம் ஊர், தாமான், தோட்டம், பள்ளி, கோயில் ஆகியவற்றின் பெயர்களை மாணவர்கள் ஒரே எழுத்து வடிவில் அங்குப் பதிவு செய்தல், புணர்ச்சி இலக்கணமும் ஊர் வரலாறும் ஒருங்கே கற்கும் பயிற்சியாக அமையும். ஆயர் ஈத்தாம் போன்ற ஒரு சந்திப்பிலிருந்து அப்பணியைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.