பரட்டை அண்ணன்: பாட்டைச் சபையிடம் ஒப்படைத்த ஆயர்

தமிழ்நாட்டுப் புரொட்டஸ்டன்ட் திருச்சபைகளில் ஆராதனை நடத்தும் ஆயர், பாடகர் குழுவை வழிநடத்துபவர், இசை கற்பிக்கும் ஆசிரியர் ஆகிய மூவரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்களாகவே இருப்பதால், எதைப் பாடுவது என்பதை ஒருவரும் எப்படிப் பாடுவது என்பதை இன்னொருவரும் முடிவுசெய்வது வழக்கமாகிவிட்டது. இம்மூன்று பணிகளும் ஒரே மனிதரிடம் சேரும்போது வழிபாட்டின் போக்கே மாறிவிடக்கூடும் என்பதற்குத் தென்னிந்தியத் திருச்சபையின் ஆயரும் இறையியல் ஆசிரியரும் இசையமைப்பாளருமான ஜே. தியாபிலஸ் அப்பாவு (1940–2005) சிறந்த சான்று. மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், ஆயர் பணிக்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்த மாணவர்களுக்கு 1980களிலும் 1990களிலும் கற்பித்த அவரை, ‘பரட்டை’ என்ற புனைபெயரோடு சேர்த்துப் பரட்டை அண்ணன் என்றே பலரும் அழைத்தனர்.

இரண்டு ஏட்டு மரபுகள்

அப்பாவு செய்த மாற்றத்தின் அளவை உணர்வதற்கு, அவருக்கு முன்பே தமிழ்ச் சபைகளில் வேரூன்றியிருந்த இரண்டு மரபுகளை அறிந்துகொள்ள வேண்டும். முதலாவது பாமாலை மரபு. ஜெர்மானிய, ஆங்கில ஞானப்பாட்டுகளை அவற்றின் மெட்டு மாறாமல் தமிழாக்கிப் பாடும் இம்மரபில், சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்னும் நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் இசைந்து ஒலிக்கும். ஐந்து கோடுகளில் எழுதப்படும் மேற்கத்திய இசைக் குறியீட்டைப் படிக்கத் தெரியாதவர்களும் இதைப் பாடுவதற்கு உதவியது சோல்பா முறை. அதாவது டோ, ரே, மீ என்னும் சுரப்பெயர்களின் முதலெழுத்துகளையே குறியீடாகக் கொண்டு பாடும் முறை. இங்கிலாந்தில் சாரா குளோவர் என்னும் ஆசிரியை உருவாக்கிய ஒரு முறையைச் செப்பனிட்டு இதைப் பரப்பிய ஜான் கர்வன் (1816–1880) தாமும் ஓர் ஆயராகவும் இசை ஆசிரியராகவும் இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. சென்னையிலும் திருநெல்வேலியிலும் பல பாடகர் குழுக்கள் இன்றும் சோல்பா பிரதியை வைத்துத்தான் கிறிஸ்துமஸ் கீதங்களைப் பயில்கின்றன.

இரண்டாவது கீர்த்தனை மரபு. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கர்நாடக இசை அமைப்பில், இராகமும் தாளமும் குறித்து இயற்றப்பட்ட இப்பாடல்களுக்கு முதன்மையான ஆசிரியர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). அவருடைய பாடல்களையும் பிறருடைய பாடல்களையும் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தொகுத்து அச்சிட்டதால் அவை ஊர்தோறும் பரவின. அடுத்த நூற்றாண்டில் ஈரோட்டில் பணியாற்றிய லண்டன் மிஷன் ஊழியர் எச். ஏ. பாப்லி கர்நாடக இசையை முறையாகக் கற்று, கதையும் பாட்டும் கலந்த காலட்சேபத்தைப் பிரசங்கத்துக்குப் பயன்படுத்தியதோடு, 1921இல் இந்திய இசையைப் பற்றிப் பலரும் படித்த ஓர் ஆங்கில நூலையும் எழுதினார்.

இவ்விரு மரபுகளும் செழுமையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பாமாலையைப் பாட நான்கு குரல் பயிற்சியும், கீர்த்தனையைப் பாட இராக ஞானமும் வேண்டும். இரண்டுக்கும் அச்சிட்ட புத்தகமும் அதைப் படிக்கும் திறனும் வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமத்துச் சபைகளில் பெரும்பகுதியினரான தலித் மக்கள் நடவிலும் அறுவடையிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பாடிவந்த மெட்டுகளுக்கோ, அவர்கள் வாசித்துவந்த பறைக்கோ ஆலயத்துக்குள் இடமில்லாமல் இருந்தது. சாவு வீட்டோடும் சாதியால் திணிக்கப்பட்ட ஊழியத்தோடும் இணைத்துப் பார்க்கப்பட்ட பறையை, அதை வாசித்தவர்களில் சிலரே இழிவாகக் கருதி ஒதுக்கிய நிலையும் இருந்தது.

பறையும் பந்தியும்

மேற்கத்திய இசையிலும் கர்நாடக இசையிலும் பயிற்சி பெற்றிருந்த அப்பாவு, அவ்விரண்டையும் அறியாததால் நாட்டார் இசையை நாடியவர் அல்லர். அறிந்த பிறகே, அவை யாரை வெளியே நிறுத்துகின்றன என்று கேட்டுத் தம் முடிவுக்கு வந்தவர். ‘மாற்றத்துக்கான நாட்டார் வழக்காறு’ என்று பொருள்படும் தலைப்பில் 1986இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல், பாட்டு, பழமொழி, கூத்து முதலியவற்றை அடக்கப்பட்ட மக்களின் விமரிசனக் குரலாக வாசித்தது. அதே நோக்கில் அவர் திருவிருந்து ஆராதனை முழுவதையும், அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் கிறிஸ்தவச் சடங்கைத் தொடக்கம் முதல் முடிவுவரை, பேச்சுத் தமிழிலும் கிராமிய மெட்டுகளிலும் அமைத்தார். ஆயர் ஒரு வரியைப் பாட, சபையார் எளிதில் மனத்தில் நிற்கும் மறுமொழியை எடுத்துப் பாடுவது நடவுப் பாட்டுக்கும் கும்மிக்கும் உரிய முறை; புத்தகமே இல்லாதவரும் இரண்டாம் முறை வரும்போது சேர்ந்து பாடிவிட முடியும் என்பதால், வழிபாட்டில் பார்வையாளர் என்று எவரும் எஞ்சுவதில்லை.

அவ்வழிபாட்டின் உள்ளடக்கமும் அதற்கேற்பவே அமைந்தது. கர்த்தர் கற்பித்த செபத்துக்கு அவர் இயற்றிய பாடல் வடிவம் கடவுளை ஆணாக மட்டும் விளிக்காமல், பெற்றோராக விளித்தது. பலரும் கொண்டுவரும் அரிசி ஒரே உலையில் வெந்து, எல்லாரும் ஒரே பந்தியில் உண்பதை அவர் திருவிருந்தின் பொருளாகவே விளக்கினார்; சாதி மாறி உண்ணக்கூடாது என்ற கட்டுப்பாடு சபைக்குள்ளும் நிழலாடிய ஊர்களில் இது அழகான உவமையாக மட்டும் நின்றுவிடாமல், நடைமுறைக் கட்டளையாகவும் ஒலித்தது.

அப்பாவுவின் கொள்கைகளுள் இசை ஆசிரியர்களுக்கு மிகவும் உரியது பாட்டின் உரிமையைப் பற்றியது. மேற்கத்திய முறையில் பயிலும் மாணவர் எழுதப்பட்ட சுரத்தைப் பிழையின்றி வாசிக்க வேண்டும்; அப்பாவுவோ, தம் பாட்டைக் கிராமத்தார் தங்கள் ஊருக்கேற்ப மெட்டையும் சொல்லையும் மாற்றிப் பாடுவதையே அப்பாட்டின் வெற்றியாகக் கருதினார். ஒலிநாடாக்கள் வழியாகவும், அவரிடம் பயின்று ஆயர்களாகச் சென்ற மாணவர்கள் வழியாகவும் பரவிய அப்பாடல்களை நேரில் கேட்டு ஆராய்ந்த அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன், அவற்றைத் தலித் விடுதலை இறையியலாகவே விளக்கி 2014இல் ஒரு நூல் வெளியிட்டார்.

தாம்பரம் பக்கத்தில்

பாட்டு சபையாருக்கே உரியது என்னும் இக்கொள்கை மதுரைக்கு மட்டும் உரியதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த மறு ஆண்டே, அதன் வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு டிசம்பர் மாதத்தில் கூடி, ஆசிய, ஆப்பிரிக்கத் திருச்சபைகளின் வாழ்வையும் வழிபாட்டையும் விவாதித்தது. அந்த மாநாட்டுக்கு இடம்கொடுத்த தாம்பரத்தை அடுத்துள்ள சேலையூர், மாடம்பாக்கம், கேம்ப் ரோடு பகுதிகளில் இன்று கீபோர்டு வகுப்புகளுக்குக் குறைவில்லை. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தொடக்கநிலை முதல் எட்டாம் கிரேடு வரையிலான தேர்வுகளுக்குப் பிள்ளைகள் ஆயத்தமாகிறார்கள். அவர்களில் கிறிஸ்தவப் பிள்ளைகள் சிலர் ஞாயிறன்று ஆலயத்திலும் வாசிக்கிறார்கள்.

அங்கே அவர்களுக்கு வரும் சிக்கல் நுட்பமானது. பியானோவிலும் கீபோர்டிலும் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு நிலையான சுரங்களே உண்டு. சங்கராபரணம் மேற்கத்திய மேஜர் ஸ்கேலோடு பொருந்துவதால் அவ்விராகக் கீர்த்தனைக்குக் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, ஓரளவு இயல்பாக அமைந்துவிடும். தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் நில்லாமல் அசைவதிலேயே உயிர்பெறுவதால், அதை ஒரே கட்டையில் அழுத்தி வாசிக்கும்போது இராகம் மறைந்து வெறும் சுரம்தான் மிஞ்சும். சபையாரின் சுருதிக்கு இறங்குவதற்கு டிரான்ஸ்போஸ் பொத்தானையும், தாளத்துக்கு இயந்திரத்தில் பதிந்துள்ள ஸ்டைலையும் நம்பிப் பழகிய கைக்கு, பெரியவர் ஒருவர் பல்லவியை இழுத்துப் பாடும்போது காத்திருக்கவும் தெரிவதில்லை. முதியவரின் குரல் இயந்திரத் தாளத்துக்குப் பின்னால் ஓட வேண்டியதாகிறது.

இதற்குத் தீர்வு கீபோர்டை வெளியேற்றுவதன்று. அப்பாவு காட்டிய வழியில், வாசிப்பவர் முதலில் சபையின் குரலைக் கேட்கப் பழக வேண்டும். இசை ஆசிரியர்கள் கிரேடு பாடங்களோடு இரண்டு கீர்த்தனைகளையும் ஒரு கிராமியப் பாட்டையும் புத்தகம் பாராமல், காதால் கேட்டு வாசிக்கக் கற்பிக்க வேண்டும். இறையியல் கல்லூரிகள் இசையை விருப்பப் பாடமாக ஒதுக்காமல், ஆயர் பயிற்சியின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும். ஆலயக் குழுக்கள் பறைக்கும் உறுமிக்கும் அறுவடைப் பண்டிகையன்று மட்டும் இடம் தராமல், சாதாரண ஞாயிறுகளிலும் இடம் தர வேண்டும். ஆயரும் இசை ஆசிரியரும் வாரத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து, வரும் ஞாயிற்றுக்கிழமைப் பாடல்களைச் சபையாரின் குரலை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுப்பார்களானால், இவற்றில் முதல் வேலை இந்த வாரமே தொடங்கிவிடும்.