சமக்குறி பொருள் மாறும் இடம்

கணிதத்தில் முதுகலையோ ஆய்வுப் படிப்போ மேற்கொள்ளும் மாணவர், எண் கோட்பாட்டையும் மெய்ப் பகுப்பாய்வையும் ஆழக் கற்றிருந்தும், முதன்முதலாகக் கணினி நிரல் எழுத அமரும்போது தடுமாறுவது உண்டு. அதற்கு நிரல் மொழியின் இலக்கணமே காரணம் எனப் பலரும் கருதுகின்றனர். ஆனால், கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட பைத்தான் போன்ற மொழியின் அடிப்படை இலக்கணம் சில வாரங்களில் கைவந்துவிடும். பழகிய கணிதக் குறிகள் நிரலுக்குள் நுழைகையில் உருவம் மாறாமல் பொருள் மட்டும் மாறிவிடுவதே இவர்களுக்கு உண்மையான சிக்கல்.

சமக்குறியே இதற்கு முதற்சான்று. ‘அ = அ + 1’ என்று கணித ஏட்டில் எழுதினால் அது 0 = 1 என்ற முரணில் போய் முடியும்; நிரலிலோ அது மெய்யா பொய்யா என ஆராயத்தக்க கூற்றே அன்று, ‘அ’ என்னும் பெயரில் இப்போதுள்ள மதிப்போடு ஒன்றைக் கூட்டி அதே பெயரில் திரும்ப வை என்னும் ஆணை. இதனை மதிப்பிருத்தல் என்பர். இரண்டு மதிப்புகள் சமமா என்று கேட்க வேண்டுமானால், பைத்தானில் சமக்குறியை இரட்டையாக இட வேண்டும்.

மெய்யெண்களின் நிலை இதைவிடச் சங்கடமானது. பத்தில் ஒன்று என்னும் பின்னத்தை இரும எண் முறையில் எழுதினால், பதின்ம முறையில் மூன்றில் ஒன்று நீள்வதைப் போலவே அது முடிவின்றி நீளும்; கணினியோ அதை 53 இரும இலக்கங்களுக்குள் அடக்கி, மிதப்புப் புள்ளி எண் என்னும் தோராய வடிவில் சேமிக்கிறது. ஆகவே 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என விடை தருகிறது. முதலிரண்டு எண்களைக் கூட்டிப் பின்னர் 0.3-ஐச் சேர்த்தால் 0.6000000000000001 வரும், பின்னிரண்டையும் முதலில் கூட்டினால் 0.6 வரும். கூட்டலின் சேர்ப்புப் பண்பை இயல்பாகக் கொண்டு வளர்ந்த மாணவர், அது பொய்க்கும் ஓர் எண் தொகுப்பில்தான் இனி வேலை செய்யப்போகிறார் என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னங்களையும் வர்க்கமூலங்களையும் தோராயமின்றிக் கையாள, வில்லியம் ஸ்டைன் 2005-இல் தொடங்கிய சேஜ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன.

மறுபுறம், இம்மாணவரிடம் ஏற்கெனவே இருக்கும் கைம்முதலும் சிறிதன்று. மீப்பெரு பொது வகுத்தியைக் காணும் யூக்ளிடின் முறையில், 252-ஐ 105-ஆல் வகுத்தால் மீதி 42. 105-ஐ 42-ஆல் வகுத்தால் மீதி 21. 42-ஐ 21-ஆல் வகுத்தால் மீதி இல்லை, எனவே விடை 21. மீதி சுழியமாகும் வரை ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் நிரல் பகுதிக்கு மடக்கு என்று பெயர். வகுப்பறைப் பேச்சில் அது லூப். ஒவ்வொரு சுற்றிலும் எண்கள் மாறினும் அவற்றின் மீப்பெரு பொது வகுத்தி மாறுவதில்லை என்பது விடை சரி என்பதற்கு நிறுவல். மீதி சுற்றுக்குச் சுற்று குறைந்துவரும் முழு எண், அதுவும் சுழியத்துக்குக் கீழே போகாதது என்பது, நிரல் ஓரிடத்தில் நின்றே தீரும் என்பதற்கு நிறுவல். மாறாமல் நிற்கும் அப்பண்பைக் கணினியியலார் மாற்றமிலி என்கின்றனர். பெயர்தான் புதிது, உள்ளே இருப்பது கணிதத் தொகுத்தறிதலே. இத்தகையோரைச் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் பயிற்சியில் தொடங்கவைக்கும் பாடத்திட்டம் அவர்களது காலத்தை வீணாக்குகிறது.

அவர்களுக்கு உகந்த பயிற்சி ஒன்று உண்டு. ஓர் எண்ணின் ஐந்தாம் அடுக்கைப் பிற எண்களின் ஐந்தாம் அடுக்குகளது கூட்டுத்தொகையாக எழுதக் குறைந்தது ஐந்து எண்கள் வேண்டும் என்பது 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கூறிய ஊகத்தின் ஒரு பகுதி. 1966-இல் லேண்டர், பார்க்கின் இருவரும் சிடிசி 6600 கணினியில் தேடி, 27, 84, 110, 133 ஆகிய நான்கின் ஐந்தாம் அடுக்குகள் சேர்ந்து 144-இன் ஐந்தாம் அடுக்காவதைக் கண்டனர். அதை அறிவித்த கட்டுரை இரண்டே வாக்கியங்கள் கொண்டது.

இத்தேடலை மாணவர் 150 வரையுள்ள எண்களில் செய்துபார்க்கலாம். ஒன்றனுள் ஒன்றாக நான்கு மடக்குகள் அமைத்தால் சோதிக்க வேண்டிய சேர்க்கைகள் 2 கோடியே 19 லட்சத்துக்கும் மேல். சமன்பாட்டின் இடப்பக்கத்தில் இரண்டு அடுக்குகளை மட்டும் நிறுத்தி, மற்ற இரண்டையும் வலப்பக்கம் கொண்டுபோய்க் கழித்தால் கதை மாறுகிறது: இவ்விரண்டாகக் கூட்டிய 11,325 தொகைகளை முன்கூட்டியே ஓர் அட்டவணையில் சேமித்துவிட்டு, வலப்பக்க மதிப்பு அதில் உள்ளதா என 5,62,475 முறை பார்த்தாலே போதும். பள்ளியில் கற்ற பக்கம் மாற்றல், வேலையை ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்காக்கிவிடுகிறது. (144-இன் ஐந்தாம் அடுக்கு 6,191 கோடியைத் தாண்டும், 32 இரும இலக்கங்களில் முழு எண்ணைச் சேமிக்கும் மொழிகளில் அது கொள்ளாது வழிந்து, பிழையான விடை எவ்வித எச்சரிக்கையுமின்றி வரக்கூடும். பைத்தானில் முழு எண்ணுக்கு அத்தகைய வரம்பு இல்லை.)

நிரலின் சான்று எதிர் எடுத்துக்காட்டாக அமையும்போது ஊகத்தை ஒரே அடியில் வீழ்த்தும். ஊகத்துக்குச் சாதகமாக எத்தனை கோடி சான்றுகள் திரண்டாலும் அவை நிறுவலாகா. 1919-இல் போல்யா ஓர் ஊகத்தை முன்வைத்தார்: 1-க்கு மேற்பட்ட எந்த எண்ணை எல்லையாகக் கொண்டாலும், அதுவரையுள்ள எண்களில் பாதிக்குக் குறையாதவை ஒற்றைப்படை எண்ணிக்கையில் பகாக் காரணிகளைக் கொண்டிருக்கும். அது பொய் என்று 1958-இல் ஹேசல்குரோவ் நிறுவினார். அது முதன்முதலாகப் பிழைபடும் எண்ணை 1980-இல் தனாகா கண்டறிந்தார்; அவ்வெண் 90,61,50,257.